காசிமேட்டுக்குத் தெரிந்த காட்ஸில்லா

'இன்னா இருந்தாலும் பழைய படம் மாதிரி வருமா நைனா?'

இந்த ஒரே கேள்வியை வைத்து ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர் தேரடி வரைக்கும் எத்தனை ஆயிரம் டீ விற்றிருக்கும் என்று யாராவது கணக்குப் போட்டால் நன்றாக இருக்கும். ஒரு தரப்பு 1986 'விக்ரம்' என்கும். இன்னொரு தரப்பு 2022 'விக்ரம்' என்கும். மூன்றாவதாக ஒருத்தர், 'ரெண்டுமே வேணாம், எந்திரன் பக்கத்துல நிக்குமா?' என்று ஆரம்பிப்பார். உடனே நாலாவது ஆள், 'அப்போ டூ பாயின்ட் ஓ?' என்று மடக்குவார். டீ ஆறிப்போகும். சண்டை ஆறாது.

ஒரே கதையை, ஒரே நாயகனை, ஒரே மிருகத்தைத் திரும்பத் திரும்பப் படமாக எடுப்பதற்கு ஹாலிவுட்டில் 'ரீபூட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் அணைத்துவிட்டு மறுபடி போடுகிறோமே, அதே சமாசாரம்தான். பழைய கதையில் நடந்ததையெல்லாம் மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. 2005ல் 'பேட்மேன் பிகின்ஸ்' வந்த பிறகு இந்த வார்த்தை ரொம்பவே புழக்கத்துக்கு வந்தது. வார்த்தைதான் புதுசு. விஷயம்? நம்ம ஊரில் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலேயே உண்டு! ஸ்பெஷல் நாடகம் என்பது என்ன? கதை எல்லோருக்கும் மனப்பாடம். வள்ளியை முருகன் கல்யாணம் பண்ணப்போகிறார், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இன்றைக்கு முருகன் யார், வள்ளி யார், போன தடவை வந்தவர் இதைவிட எத்தனை கட்டை மேலே பாடினார்... அதைப் பார்க்கத்தான் விடிய விடியக் கூட்டம். ஆக, 'யார் பெஸ்ட்?' என்று வாதம் பண்ணுவதற்கு ஹாலிவுட்டிடம் நாம் டியூஷன் படிக்கவில்லை.

வட சென்னைக்கும் சினிமாவுக்கும் உறவு ரொம்பப் பழசு. ரகுபதி வெங்கையா 1914ல் மவுண்ட் ரோடு பக்கம் 'கெயிட்டி'யைக் கட்டினார். இந்தியர் ஒருவர் மதராஸில் நிறுவிய முதல் நிரந்தரத் தியேட்டர் அது. அடுத்து 1916ல் அவர் வந்த இடம் தங்கசாலை. அங்கே எழுந்தது 'கிரவுன்'. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும், ஆலையில் ஷிப்ட் முடித்தவரும், சௌகார்பேட்டை வியாபாரியும் ஒரே இருட்டில் உட்கார்ந்து படம் பார்க்க ஆரம்பித்தார்கள். படங்கள் மௌனம், ஜனங்கள்தான் சத்தம்.

அந்தக் காலத்தில் சக்கைப்போடு போட்டவை அமெரிக்க சீரியல் படங்கள். எட்டி போலோ குதிக்கிறார், தாவுகிறார், அடிக்கிறார்... சரியாக மலை உச்சியிலிருந்து விழும்போது 'தொடரும்'! இன்னொரு ஹீரோ எல்மோ லிங்கன். 1918ல் முதன்முதலாகப் பெரியவனான டார்ஜானாகத் திரையில் வந்த ஆஜானுபாகு. அப்புறம் 1932ல் ஜானி வைஸ்முல்லர் வந்தார். ஒலிம்பிக்ஸில் ஐந்து தங்கம் வாங்கிய நீச்சல்காரர். பன்னிரண்டு படங்களில் அவர்தான் டார்ஜான். அவர் தொப்பை போட்டதும் 1949ல் லெக்ஸ் பார்க்கர். ஒவ்வொரு தடவை ஆள் மாறும்போதும் உலகம் முழுக்க ரசிகர்கள், 'அவர் கத்தின மாதிரி இவர் கத்தலையே' என்று குறைபட்டார்கள். ரீபூட் சண்டையின் தாத்தா இது.

சரி, டார்ஜான் விஞ்ஞானப் படம் இல்லையே என்பீர்கள். தமிழில் விஞ்ஞானக் கற்பனை எப்போது வந்தது?

1952ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம், வில்லியம் பெர்க் என்ற அமெரிக்க டைரக்டரோடு கைகோத்து 'காடு' என்று ஒரு படம் எடுத்தார். ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்'. அமெரிக்காவிலிருந்து ராட் கேமரூன், சீஸர் ரொமேரோ, மேரி வின்ட்ஸர் எல்லோரும் வந்து நடித்தார்கள். இந்தியக் காட்டுக்குள் பனியுகத்து மம்மூத் யானைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பது கதை. மம்மூத்துக்கு எங்கே போவது? நம்ம ஊர் யானைகளுக்கே ரோமப் போர்வையைப் போர்த்தி நடக்கவிட்டார்கள். அந்த வெயிலில் யானைகள் என்ன நினைத்தனவோ!

1963ல் வந்தது 'கலை அரசி'. எம்.ஜி.ஆர்., பானுமதி. காசிலிங்கம் டைரக்‌ஷன். வேற்றுக்கிரகத்தில் எல்லா விஞ்ஞானமும் இருக்கிறது, சங்கீதம் மட்டும் இல்லை. அதனால் நம்பியார் தலைமையில் பறந்துவந்து பூமியிலிருந்து பாட்டுக்காரியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எம்.ஜி.ஆர். பின்னாலேயே போய் மீட்கிறார். இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த வருஷத்தைக் கவனியுங்கள். காகாரின் 1961ல்தான் விண்வெளிக்குப் போய் வந்திருந்தார். நம்ம தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதே 'கலை அரசி' வெளியான அதே 1963ல், நவம்பர் 21ம் தேதி. விண்வெளி என்றால் பயமே இல்லாத காலம் அது. வருகிறவன்கூட நம்ம பாட்டைக் கேட்கத்தான் வருகிறான்!

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. டீக்கடையில் எல்லோரும் கிராஃபிக்ஸ் எப்படி, ஃபைட் எப்படி, ஹீரோ எப்படி என்று மார்க் போடுகிறார்கள். விஞ்ஞானப் படத்துக்கு மார்க் போட வேறு ஒரு கேள்வி கேட்கலாம். இந்தப் படம் எதைப் பார்த்துப் பயப்படுகிறது? அது யாருடைய பயம்? அதே கதையை இருபது வருஷம் கழித்துத் திரும்ப எடுக்கும்போது அந்தப் பயம் என்ன ஆச்சு? இப்படிக் கேட்டால் ரீபூட்களின் வண்டவாளம் சீக்கிரம் தண்டவாளம் ஏறிவிடும்.

உதாரணத்துக்கு, உலகத்திலேயே அதிகத் தடவை ரீபூட் ஆன ஒருத்தரை எடுத்துக்கொள்வோம். காட்ஸில்லா!

'அந்தப் பெரிய பல்லி?' என்று கேட்காதீர்கள். அந்தக் கதை ஒரு மீன்பிடிப் படகில் ஆரம்பித்தது. சினிமாவில் வருகிற படகு அல்ல... நிஜப் படகு.

1954 மார்ச் 1ம் தேதி. பசிபிக் கடலில் பிகினி என்ற பவளத்தீவு. அமெரிக்கா அங்கே ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. ஆறு மெகாடன் வெடிக்கும் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். வெடித்தது 15 மெகாடன். ஹிரோஷிமாவைப்போல ஆயிரம் மடங்கு! 'இந்த எல்லைக்குள் யாரும் வராதீர்கள்' என்று அறிவித்திருந்தார்கள். அந்த எல்லைக்கு வெளியேதான் ஜப்பானின் யாய்ஸு துறைமுகத்திலிருந்து சூரை மீன் பிடிக்க வந்த ஒரு படகு நின்றிருந்தது. பெயர் டாய்கோ ஃபுகுர்யு மாரு. அர்த்தம், 'ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்'. உள்ளே 23 பேர்.

விடிவதற்கு முன்னால் மேற்கே சூரியன் உதித்த மாதிரி ஒரு வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் இடி. அதற்கப்புறம் வானத்திலிருந்து வெள்ளையாகச் சாம்பல் கொட்ட ஆரம்பித்தது. பொடிந்துபோன பவளப்பாறைதான் அந்தச் சாம்பல், கதிர்வீச்சோடு. அவர்களுக்கு எப்படித் தெரியும்? மணிக்கணக்காகக் கொட்டிய சாம்பலோடு வலையை இழுத்துச் சுருட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து மார்ச் 14ம் தேதி கரை சேர்ந்தபோது தோல் கறுத்து, முடி உதிர ஆரம்பித்திருந்தது. படகின் ரேடியோ ஆபரேட்டர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23ம் தேதி இறந்துபோனார். அதற்குள் ஜப்பான் முழுக்க மீன் மார்க்கெட்டுகளில் பீதி. கதிர்வீச்சு மானியை வைத்துச் சோதித்து, டன் டன்னாகச் சூரை மீனைப் புதைத்தார்கள். மீன் தின்றே வாழ்கிற தேசத்தில் மீனைப் பார்த்து ஜனங்கள் பயந்தார்கள்.

அதே சமயத்தில் டோஹோ ஸ்டூடியோவின் தயாரிப்பாளர் டோமோயுகி டனாகா கையைப் பிசைந்துகொண்டிருந்தார். இந்தோனேஷியாவில் எடுப்பதாக இருந்த படம் ரத்தாகிவிட்டது. அந்த இடைவெளியை நிரப்ப அவசரமாக ஒரு படம் வேண்டும். கடலுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ராட்சதப் பிராணியை ஹைட்ரஜன் குண்டு எழுப்பிவிட்டால்? டைரக்டர் இஷிரோ ஹோண்டா. தந்திரக் காட்சிகள் எய்ஜி சுபுராயா. கொரில்லாவையும், ஜப்பானிய மொழியில் திமிங்கிலத்துக்குச் சொல்கிற 'குஜிரா'வையும் சேர்த்துப் பிசைந்து 'கோஜிரா' என்று பெயர் வைத்தார்கள். கிட்டத்தட்ட நூறு கிலோ எடையுள்ள ரப்பர் சட்டைக்குள் ஒரு மனிதரை நுழைத்து, பொம்மை டோக்கியோவை மிதிக்கவிட்டார்கள். 1954 நவம்பர் 3ம் தேதி ரிலீஸ். குபோயாமா இறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை.

படத்தின் முதல் காட்சி என்ன தெரியுமா? கடலில் ஒரு கப்பல். தளத்தில் ஆட்கள் கிடார் வாசித்துக்கொண்டு ஓய்வாக இருக்கிறார்கள். திடீரென்று தண்ணீரில் ஒரு வெளிச்சம். கப்பல் முழுகுகிறது. அடுத்து, ஆபீஸ் வாசலில் பெண்களும் குழந்தைகளும் கூட்டமாக நின்றுகொண்டு, 'எங்க ஆளுங்களைப் பத்தித் தகவல் உண்டா?' என்று கேட்கிறார்கள். உள்ளே இருப்பவர்களிடம் பதில் இல்லை. 2017ல் ஒக்கிப் புயல் வீசியபோது கன்னியாகுமரிக் கரையில் அந்தப் பெண்கள் நின்ற மாதிரியேதான். காசிமேட்டில் எந்தப் பாட்டிக்கும் இந்தக் காட்சியை சப்டைட்டில் போட்டு விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு மீனவர் தீவு. மீன் படவில்லை. வயசான ஒருத்தர், 'இது கோஜிரா வேலை' என்கிறார். யாரும் நம்பவில்லை. பிறகு டோக்கியோவில் ஒரு கூட்டம். 'இது குண்டு வெடித்ததால் வந்தது என்று வெளியே சொன்னால் பிற நாடுகளோடு உறவு கெடும், ஜனங்கள் பீதி அடைவார்கள், மூடி மறைத்துவிடுவோம்' என்கிறார் ஒரு அரசியல்வாதி. 'உண்மையைச் சொல்லுங்கள்' என்று பெண் உறுப்பினர்கள் எழுந்து கத்துகிறார்கள். மிருகம் ஊரை மிதிப்பதற்கு முன்னாலேயே இத்தனையும் நடந்துவிடுகிறது.

இப்போது முதல் 'புதிய பதிப்பு'. 1956ல் அமெரிக்கர்கள் இந்தப் படத்தை வாங்கினார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் வெட்டினார்கள். ரேமண்ட் பர் என்ற அமெரிக்க நடிகரைப் பத்திரிகை நிருபராக நடுநடுவே ஒட்டினார்கள். ரயிலில் ஒரு பெண், 'சூரை மீனில் விஷம், வானத்திலிருந்து விஷம், இப்போ இதுவேறயா? நாகசாகியிலிருந்து தப்பிச்சு வந்தது இதுக்குத்தானா?' என்கிற ரீதியில் அலுத்துக்கொள்வாளே... அந்தக் காட்சி போச்சு. கூட்டத்தில் நடந்த ரகளையும் போச்சு. மிருகம் மட்டும் பத்திரமாக இருந்தது! உலகத்தின் பெரும்பகுதி பார்த்தது இந்த வெட்டுப்பட்ட படத்தைத்தான். மூலப்படம் அமெரிக்கத் தியேட்டர்களில் ஓரளவு பரவலாக ஓடியது 2004ல்.

அதற்கப்புறம் டோஹோவே காட்ஸில்லாவைக் குழந்தைகளுக்கான காமெடியனாக ஆக்கிவிட்டது. மற்ற மிருகங்களோடு குஸ்தி போடுவது, ஜப்பானைக் காப்பாற்றுவது, டான்ஸ் ஆடுவதுகூட. ரசிகர்கள் பலரும் இந்தக் காலத்துப் படங்களைக் கண்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஆனால் அந்தக் குப்பையில் ஒரு மாணிக்கம் கிடக்கிறது. 1971ல் யோஷிமிட்ஸு பன்னோ எடுத்த 'காட்ஸில்லா எதிர் ஹெடோரா'. ஹெடோரா என்பது ஆலைக் கழிவிலிருந்து பிறந்த பிராணி. முதலில் கடலில் சகதியாகக் கிடக்கிறது. எண்ணெய்க் கப்பல்களைக் கவிழ்க்கிறது. கரைக்கு வந்து ஆலைப் புகைபோக்கியில் வாயை வைத்துப் புகையை இழுக்கிறது, ஹூக்கா பிடிக்கிற மாதிரி! மேலே பறந்து போனால் கீழே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டுகிறது. யோக்காய்ச்சி என்ற பெட்ரோ கெமிக்கல் நகரத்தில் ஆஸ்துமாவால் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த சமயம் அது. டனாகாவுக்கு இந்தப் படம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பன்னோ அதற்கப்புறம் காட்ஸில்லா படம் எதையும் டைரக்ட் பண்ணவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு வாரம் குடியிருந்து பார்த்தவர்கள் பன்னோ பக்கம்தான் ஓட்டுப் போடுவார்கள் என்பது என் கட்சி.

1984ல் டோஹோ நடுவில் வந்த எல்லாப் படங்களையும் அழித்துவிட்டு, 1954க்கு நேர் தொடர்ச்சியாக ஒரு படம் எடுத்தது. ரீபூட் என்ற சொல்லைச் சினிமாக்காரர்கள் எடுத்துக்கொள்வதற்கு முன்பே வந்த ரீபூட். 1998ல் ரோலண்ட் எமெரிக் ஹாலிவுட்டுக்குக் கொண்டுபோனார். அதில் நடந்த தந்திரம் சுவாரஸ்யம். மிருகத்தை உண்டாக்கியது அமெரிக்கக் குண்டு இல்லையாம். பாலினேஷியாவில் பிரான்ஸ் வெடித்த குண்டாம்! பழியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் போட்டாயிற்று. அது நியூயார்க்கில் ஓடுகிறது, ஒளிகிறது, முட்டை போடுகிறது. ஜப்பான் ரசிகர்களுக்கு வந்த கோபம் சாதாரணமில்லை. டோஹோ அதற்கு 'ஸில்லா' என்று மட்டும் பெயர் வைத்து, 2004ல் 'ஃபைனல் வார்ஸ்' படத்தில் அசல் காட்ஸில்லாவை விட்டு சிட்னியில் சில நொடிகளில் தீர்த்துக்கட்டியது. ரசிகர் சண்டைக்குத் தயாரிப்பாளரே வந்து தீர்ப்புச் சொன்னது அநேகமாக அங்கே மட்டும்தான்.

2014 ஹாலிவுட் படம் இன்னும் ஒரு படி மேலே. பசிபிக்கில் வெடித்தவை சோதனையே இல்லையாம், காட்ஸில்லாவைக் கொல்வதற்காகப் போட்ட குண்டுகளாம்! ஆக, 23 பேர் மேல் விழுந்த சாம்பலுக்குப் பொறுப்பு யாருமில்லை. கிராஃபிக்ஸ் பிரமாதம். சந்தேகமே இல்லை. ஆனால் படகு கதையிலிருந்து நைசாக இறக்கிவிடப்பட்டது. 2021ல் 'காட்ஸில்லா வெர்சஸ் காங்' தமிழ் பேசிக்கொண்டு நம்ம தியேட்டருக்கே வந்தபோது அது முழுக்க முழுக்கக் குஸ்தி. கொரோனாவில் மூடிக்கிடந்து திறந்த தியேட்டரில் விசிலடிக்க நல்ல படம்தான். தண்டையார்பேட்டை அகஸ்தியாவுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. 1967ல் திறந்த அந்தத் தியேட்டர் 2020லேயே மூடப்பட்டுவிட்டது.

ஜப்பானியர்கள் மட்டும் படகை மறக்கவில்லை. 2016ல் ஹிடேயாகி அன்னோ எடுத்த 'ஷின் காட்ஸில்லா'வில் மிருகம் ஆற்றுவழியாக ஊருக்குள் நுழைகிறது, படகுகளை முன்னால் தள்ளிக்கொண்டு. 2011 சுனாமியை டி.வி.யில் பார்த்த எவருக்கும் அது என்ன என்று புரியும். அதிகாரிகளோ கூட்டம் போடுகிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றி இன்னொரு கூட்டம். ஃபுகுஷிமா அணு உலை விபத்தின்போது ஜப்பான் பட்ட எரிச்சல் முழுக்க அந்தப் படத்தில் இருக்கிறது. 2023ல் டகாஷி யமஸாகியின் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்'. யுத்தம் முடிந்த ஜப்பான். கன்னிவெடி பொறுக்குவதற்கு ஒரு சின்ன மரப்படகு, அதில் நாலு பேர். அந்த மரப்படகைத்தான் காட்ஸில்லா துரத்துகிறது. ஹாலிவுட் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் எடுத்த இந்தப் படம் 2024ல் காட்சி ஜாலங்களுக்கான ஆஸ்கரைத் தட்டிக்கொண்டு போனது. எழுபது வருஷ காட்ஸில்லா வரலாற்றில் முதல் ஆஸ்கர்!

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். அதே கேள்வியை 'விக்ரம்' பக்கம் திருப்பினால்?

1986 'விக்ரம்' சுஜாதாவின் கதை. 'அக்னிபுத்ரா' என்ற ஏவுகணையைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். மீட்க கமலும், கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பெண்ணும் போகிறார்கள். இந்தியா நிஜமாகவே 'அக்னி' ஏவுகணையைப் பறக்கவிட்டது 1989 மே மாதம். அதாவது படம் மூன்று வருஷம் முந்திக்கொண்டது. அன்றைய பயம், நம்ம விஞ்ஞானிகள் கஷ்டப்பட்டுச் செய்வதை எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்பது. பாதியில் சலாமியா தேசத்து ராஜா, எலிக்கோயில் என்று படம் எங்கெங்கோ போய்விடுகிறது. அது வேறு வருத்தம். 2022ல் லோகேஷ் கனகராஜ் அந்தப் பெயரையும் பாட்டையும் எடுத்துக்கொண்டார். ஏவுகணை போய்விட்டது. அந்த இடத்தில் காணாமல் போன கண்டெய்னர்கள், உள்ளே போதைமருந்துக்கான மூலப்பொருள். விஞ்ஞானக் கற்பனை துப்பறியும் கதையாகிவிட்டதே என்று பழைய ரசிகர்கள் குறைப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்ததே 1983ல். அதற்கப்புறம் எண்ணூர் துறைமுகம், காட்டுப்பள்ளி. பூட்டி சீல் வைத்த பெட்டிகள் இரவும் பகலும் மணலி ரோட்டில் போகின்றன. உள்ளே என்ன என்று வாசலில் நிற்கிறவனுக்குத் தெரியாது. ஏவுகணையைவிடக் கண்டெய்னரைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. இந்த விஷயத்தில் புது விக்ரமுக்கே என் ஓட்டு.

'எந்திரன்' கதை வேறு. மனிதன் செய்த இயந்திரத்துக்கு ஆசை வந்தால் என்ன ஆகும் என்ற பயம், சுஜாதா 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' என்று பத்திரிகைத் தொடர்களிலேயே தொட்டுப் பார்த்தது. 2008 பிப்ரவரியில் அவர் இறந்தார், 2010ல் படம் வந்தது. சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும் அந்தக் கடைசிக் காட்சியில் தியேட்டரே கப்சிப். 2018ல் '2.0'. இதில் பயம் மாறிவிட்டது. செல்போன் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன, பறவைகளை நேசித்த மனிதர் ஆவியாக வந்து பழிவாங்குகிறார். சலீம் அலியை நினைவூட்டும் வேஷத்தில் அக்‌ஷய் குமார். செல்போன் கம்பெனிகளின் சங்கம், 'இதில் விஞ்ஞான ஆதாரம் இல்லை' என்று தணிக்கை வாரியம் வரைக்கும் போய்ப் புகார் கொடுத்தது.

கம்பெனிகளுக்குப் பரிந்து பேச எனக்கு ஆசை இல்லை. ஆனால் சென்னையில் பறவைகள் எதனால் காணாமல் போகின்றன என்று தெரிய, ஸ்டேடியம் நிறைய செல்போன்களைப் பறக்கவிட வேண்டியதில்லை. எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனால் போதும். கொசஸ்தலையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் கடலும் கலக்கிற இடம். இறால், நண்டு, அவற்றைத் தேடிவரும் கொக்கு, நாரை. அனல்மின் நிலையங்களின் சாம்பல் குழம்பு குழாய் வெடிப்பில் வழிந்து அங்கேதான் படிந்தது. சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்கியதும் அங்கேதான். படத்தின் கோபம் நியாயமானது, குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய ஆள்தான் தப்பு. வெட்டுப்பட்ட 1956 காட்ஸில்லாவின் கதைதான் இங்கேயும். 'கலை அரசி'யில் பாட்டுக்கு வந்த வேற்றுக்கிரகவாசி, 2024ல் 'அயலான்' படத்தில் பூமியைத் தோண்டி விஷவாயு எடுக்கும் கம்பெனியைத் தடுக்க வருகிறான். அறுபது வருஷத்தில் வேற்றுக்கிரகவாசிக்கே விஷயம் தெரிந்துவிட்டது!

வட சென்னையை வைத்து ரவுடிப் படம் எடுத்தார்கள், குத்துச்சண்டைப் படம் எடுத்தார்கள். நல்ல படங்களும் உண்டு. விஞ்ஞானப் படம் எடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கதைக்கா பஞ்சம்? 2017 ஜனவரி 28ம் தேதி அதிகாலையில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய கசிவு ஒன்றுமில்லை என்றுதான் முதலில் பேச்சு. அடுத்த நாட்களில் எர்ணாவூர்க் கரையில் தார் மாதிரி எண்ணெய். அதை அள்ள வாளியோடு மனிதர்கள் வரிசையில் நின்றார்கள். ராக்கெட் விடுகிற தேசத்தில் பிளாஸ்டிக் வாளி! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரத்தை மூடியது. அதே மாதம் 26ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். ஹெடோரா படத்தில் இதே காட்சி இருக்கிறது. 1971ல் எடுத்தது.

'அதிர்ஷ்ட டிராகன்' படகு விவகாரத்தை முடிக்க 1955 ஜனவரியில் அமெரிக்கா 20 லட்சம் டாலர் கொடுத்தது. நஷ்டஈடு என்று அல்ல, சட்டப்படி எந்தப் பொறுப்பும் ஏற்காமல் கருணைத் தொகை என்று. எண்ணூரில் எண்ணெய் படிந்த மீனவக் குடும்பங்களுக்கு அரசு அறிவித்தது தலா 12,500 ரூபாய், படகைச் சரிசெய்யப் பத்தாயிரம்.

அந்த ஜப்பானியப் படகு என்ன ஆச்சு என்று கேட்பீர்களே? பெயரை மாற்றி, மீன்வளக் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சிப் படகாகக் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். 1967ல் எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு, டோக்கியோ விரிகுடாவில் குப்பை கொட்டி உண்டாக்கிய ஒரு தீவின் ஓரத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள். பாதி முழுகிக் கிடந்ததை யாரோ அடையாளம் கண்டு, பத்திரிகைக்கு எழுதி, ஜனங்கள் காசு சேர்த்துக் காப்பாற்றினார்கள். 1976லிருந்து அதே குப்பைத் தீவில், ஒரு கட்டடத்துக்குள் முழுப் படகும் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். மர உடம்பு, முப்பது மீட்டர் நீளம், காசிமேட்டில் கட்டியிருக்கிற விசைப்படகுகளைவிடக் கொஞ்சம் பெரிசு.